இரண்டு கோப்பாய்: லினக்ஸும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளும் எழுத்தில் முரண்படும் இடங்கள்

வலிகாமத்துக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து, சுற்றுவட்டார வீடுகளில் கிடந்த பழைய பாடசாலை மலர்களையும் கல்வெட்டுகளையும் ஸ்கான் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விவரக் கோப்பு எழுதி, ஊர்ப் பெயரிட்ட அடைவுகளில் வைத்து, அந்த அடைவுகளை, கோப்புகளில் நேரும் மாற்றம் ஒவ்வொன்றையும் பதிந்துவைக்கும் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் களஞ்சியம் ஒன்றில் பேணி வருகிறோம். கல்வெட்டு என்றால் வெளியூர் வாசகர் கல்லில் வெட்டியதை நினைக்கக்கூடும். யாழ்ப்பாணத்தில் அது ஒருவரின் அந்தியேட்டியை ஒட்டி உறவினர் அச்சிட்டு வழங்கும் நினைவு நூலுக்கும் பெயர். ஒரு மாலை, லினக்ஸ் மடிக்கணினியில் வேலை செய்துகொண்டிருந்த தம்பி ஒருவர் திரையைக் காட்டி, “அண்ணை, கோப்பாய் ரெண்டு கிடக்குது. எதை அழிக்கிறது?” என்று கேட்டார். பட்டியலில் கோப்பாய் என்ற அடைவு இரண்டு தடவை இருந்தது. எழுத்துக்கு எழுத்து வேறுபாடு தெரியவில்லை. ஓர் அடைவுக்குள் ஒரே பெயரில் இரண்டு இருக்க லினக்ஸ் இடங்கொடாது. ஆகவே கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அவை ஒரே பெயர் அல்ல என்பது மட்டும் உறுதி. “ஒண்டையும் அழிக்க வேண்டாம்” என்றேன்.

இத்தகைய குழப்பம் நேரும்போது பெரும்பாலானோர் “தமிழ் சரியாக வேலை செய்யவில்லை” என்று கூறி ஆங்கிலப் பெயர்களுக்குத் திரும்பிவிடுகின்றனர். அது தேவையற்ற பின்வாங்கல் என்பது என் கருத்து. கோப்பின் பெயர் வட்டிலிருந்து திரைக்கு வரும் வழியில் இயங்குதளத்தின் கருவான கேர்னல், எழுத்துகளை எப்படி வாசிப்பது என்று நிரல்களுக்குச் சொல்லும் மொழிச்சூழல், பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள், கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையம் ஆகிய நான்கும் அதைத் தொடுகின்றன. அந்தப் பெயரின் பைட்டுகளுக்கு, அதாவது அது சேமிக்கப்பட்டிருக்கும் எண்களுக்கு, என்ன பொருள் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு தன்னுடையதா இல்லையா என்பதில் இந்த நான்கும் வெவ்வேறு நிலைப்பாடு எடுக்கின்றன. ஆகவே எந்தக் கோளாற்றிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பிழை பதிவில் இருக்கிறதா அல்லது பார்வையில் மட்டும் இருக்கிறதா என்பதே. பார்வையில் இருக்கும் பிழைக்குப் பதிவைத் திருத்தப் போனால், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

லினக்ஸ் கேர்னலைப் பொறுத்தவரை கோப்புப் பெயர் என்பது பைட்டுகளின் வரிசை. எழுத்துகளைப் பற்றி அதற்குத் தெரியாது. பெயருக்குள் சாய்கோடும் சுழியப் பைட்டும் வரக்கூடாது, பெயரின் நீளம் 255 பைட்டுகளைத் தாண்டக்கூடாது என்பவற்றுக்கு அப்பால், வழக்கமான கோப்பு முறைமைகளில் அது எதையும் கட்டாயப்படுத்துவதில்லை. அந்தப் பைட்டுகள் உலக எழுத்துகளுக்கான யுனிகோட் நியமத்தின் யுடிஎஃப்-8 முறையில் எழுதப்பட்டவையா, பழைய தமிழ்க் குறியாக்கமான டிஸ்கியில் எழுதப்பட்டவையா, எவருக்கும் விளங்காத குப்பையா என்று அது கேட்பதில்லை. கேட்காததால் எங்கும் குறித்து வைப்பதும் இல்லை. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமைக்கு 2019இல் வெளியான 5.2 கேர்னலோடு வந்த ஒரு தெரிவு மட்டும் யுனிகோட் அறிவோடு பெயர்களை ஒப்பிடும். ஆனால் அதை யாரேனும் வேண்டுமென்றே இயக்கினாலன்றி அது செயற்படாது.

கென் தொம்சனும் ரொப் பைக்கும் 1992இல் வடிவமைத்த யுடிஎஃப்-8 முறையில், தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். குறி என்று இங்கே சொல்வது நாம் அரிச்சுவடியில் படித்த எழுத்தை அல்ல. மெய்யின் உரு, உயிர்க்குறி, புள்ளி ஆகிய ஒவ்வொன்றும் தனிக்குறி. யாழ்ப்பாணம் என்ற சொல்லில் 11 குறிகள், 33 பைட்டுகள். எண்ம அடிப்படையில், அதாவது எட்டை அடியாகக் கொண்டு எழுதினால், தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதற்பைட்டு 340. இரண்டாவது 256 அல்லது 257. மூன்றாவதுதான் குறிக்குக் குறி மாறும். இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்திருப்பது, பின்னால் வரும் கோளாறுகள் பலவற்றைப் பார்த்தவுடன் அடையாளம் காண உதவும்.

கேர்னல் கைவிட்ட பொறுப்பை லினக்ஸில் ஏற்பது லோக்கேல் எனப்படும் மொழிச்சூழல் அமைப்பு. பயனர் அமர்வு ஒவ்வொன்றிலும் லாங், எல்சி-சிடைப், எல்சி-ஆல் ஆகிய சூழல் மாறிகள் உண்டு. எல்சி-ஆல் இருந்தால் அதுவே இறுதிச் சொல். அது இல்லாவிட்டால் எழுத்துக் குறியாக்கத்துக்கு எல்சி-சிடைப். அதுவும் இல்லாவிட்டால் லாங். ஒன்றுமே இல்லாவிட்டால் சி எனப்படும் மிகப் பழைய சூழல் நடைமுறைக்கு வரும். அது 128க்கு மேற்பட்ட பைட்டு எதையும் எழுத்தாக ஏற்பதில்லை. லினக்ஸின் வழங்கல்களில், அதாவது தொகுத்து வெளியிடப்படும் வடிவங்களில், ரெட் ஹட் லினக்ஸ் 2002இல் தன் 8.0 வெளியீட்டிலும், டெபியன் 2007இல் எட்ச் வெளியீட்டிலும் யுடிஎஃப்-8 சூழலை இயல்புநிலையாக்கின. எனவே இன்றைய மடிக்கணினியில் உட்கார்ந்து வேலை செய்பவர் இந்த மாறிகளைப் பற்றி அறியாமலே காலந்தள்ளலாம். சிக்கல் தோன்றுவது மனிதர் உட்காராத இடங்களில்: குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரோன் பணிகள், குறைந்தபட்ச மென்பொருள் பொதிகளோடு நிரல்களைத் தனித்து ஓட்டும் கொள்கலன்கள், சேர்வரில் கொமிட் (களஞ்சியத்தில் பதியும் மாற்றம்) வந்தவுடன் தானாக இயங்கும் ஹூக் நிரல்கள். இவை எவையும் உள்நுழைவு அமர்வின் வழியாகத் தொடங்குவதில்லை. ஆதலால் நாம் அமைத்து வைத்த மொழிச்சூழல் இவற்றைச் சென்றடைவதில்லை.

இலங்கைத் தமிழுக்கென்று லினக்ஸில் தனி மொழிச்சூழலே உண்டு. இந்தியத் தமிழுக்குரியது வேறு. நம்மில் சிலர் ஆசையோடு அதை மடிக்கணினியில் அமைத்துக்கொள்கிறோம். பின்னர் எஸ்எஸ்எச் வழியாக வெளிநாட்டுச் சேர்வர் ஒன்றுக்குள் நுழையும்போது, பல வழங்கல்களில் நம் மொழிச்சூழலின் பெயரும் கூடவே அனுப்பப்படுகிறது. அந்தச் சேர்வரில் இலங்கைத் தமிழ்ச் சூழல் உருவாக்கப்பட்டிருக்காது. பெயர் கிடைத்தும் பொருள் கிடைக்காத நிலையில் பெரும்பாலான நிரல்கள் சத்தமின்றி சி சூழலுக்கு இறங்கிவிடுகின்றன; பேர்ள் நிரல்மொழி போன்ற சில மட்டும் எச்சரிக்கை ஒன்றை அச்சிட்டு முணுமுணுக்கும். தமிழில் வேலை செய்ய வேண்டுமென்று தமிழ்ச் சூழலைத் தேர்ந்தவருக்குத்தான் தமிழ்க் கோப்புப் பெயர் தெரியாமற் போகிறது. தீர்வு எளியது: சேர்வரிலும் அந்தச் சூழலை உருவாக்குவது, அல்லது மொழி எதையும் சாராமல் யுடிஎஃப்-8ஐ மட்டும் ஏற்கும் சி-யுடிஎஃப்-8 சூழலைப் பயன்படுத்துவது. டெபியனில் முன்பிருந்தே கிடைத்த இந்தச் சூழல், லினக்ஸ் நிரல்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.35 பதிப்போடு 2022இல் அந்த நூலகத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

இனிப் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் பக்கம். இங்கேதான் இரண்டு எதிரெதிரான கொள்கைகள் மோதுகின்றன.

கிட்டுக்கு முன்பே வந்த சப்வேர்ஷன் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள், பெயர்களின் பொருளை அறிந்தே தீருவேன் என்கிறது. களஞ்சியத்தில் பாதைகள் அனைத்தும் யுடிஎஃப்-8இல்தான் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே கோப்பைச் சேர்க்கும்போது, மொழிச்சூழல் சொல்லும் குறியாக்கத்திலிருந்து யுடிஎஃப்-8க்கு மாற்றுகிறது. எடுத்துக் கொடுக்கும்போது மறுபடியும் மொழிச்சூழலின் குறியாக்கத்துக்கு மாற்றுகிறது. சி சூழலில் தமிழ்ப் பெயர் வந்தால், மாற்ற முடியவில்லை என்று கூறி வேலையைப் பாதியில் நிறுத்திவிடும். கிரோன் வழியாக நள்ளிரவில் ஓடிய எங்கள் காப்புப்பிரதி நிரல், நாங்கள் சப்வேர்ஷனில் இருந்த காலத்தில், முதலாவது தமிழ் அடைவைக் கண்டதும் நின்றுவிட்டது. அதன் பதிவேட்டை யாரும் வாசிக்காததால், காப்புப்பிரதி எடுக்கப்படுகிறது என்ற நம்பிக்கையிலேயே பல வாரங்கள் போயின.

ஆனாலும் நின்றுவிடும் நிரலைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நிற்காமல் போகும் நிரல் செய்யும் கேடு அதனிலும் பெரிது. யுடிஎஃப்-8 என்ற பின்னொட்டு இல்லாத பழைய ஆங்கிலச் சூழல் ஒன்று அமைந்திருந்தால், அதன் குறியாக்கம் லத்தீன்-1. அதில் பைட்டு ஒவ்வொன்றும் செல்லுபடியான ஓர் எழுத்து. வட்டிலுள்ள தமிழ்ப் பெயர் ஏற்கெனவே யுடிஎஃப்-8 என்பதை அறியாத சப்வேர்ஷன், அதன் ஒவ்வொரு பைட்டையும் தனியொரு ஐரோப்பிய எழுத்தாகக் கருதி, மறுபடியும் யுடிஎஃப்-8 ஆக்கிக் களஞ்சியத்தில் போட்டுவிடும். மூன்று பைட்டுக் குறி ஆறு பைட்டாகும். எந்த எச்சரிக்கையும் வராது. அதே கணினியில் மீண்டும் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், ஏனெனில் போன வழியே திரும்பி வருகிறது. வேறொரு கணினியில் எடுத்த பிறகுதான், இடச்சாய்வுக் குறி தலையில் ஏறிய ஏ எழுத்தும், அதன் அருகே வட்டத்துக்குள் அடைபட்ட ஆர் எழுத்துமாகத் திரை நிரம்பும். அந்த ஏ என்பது 340. வட்டத்துக்குள் இருப்பது 256. பதிவு செய்யப்பட்ட வணிகக்குறியின் அந்தச் சின்னத்தைத் திரையில் வரிசையாகக் கண்டால், அடியில் கிடப்பது தமிழ் என்று துணிந்து சொல்லலாம்.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கிட், கேர்னலின் பிள்ளை போலவே நடந்துகொள்கிறது. பெயர் என்பது அதற்கும் பைட்டுகளின் வரிசைதான். லினக்ஸ் வட்டில் எந்தப் பைட்டுகள் இருந்தனவோ அவையே களஞ்சியத்தின் மரத்துக்குள் போகும். மொழிச்சூழல் கெட்டிருந்தாலும் பெயர் கெடாது. கொமிட் செய்தியை மட்டும் அது யுடிஎஃப்-8 என்று அனுமானிக்கிறது. அவ்வாறு இல்லாவிட்டால் கொமிட்டை ஏற்றுக்கொண்டு ஓர் எச்சரிக்கை தரும். வேறு குறியாக்கத்தில் செய்தி எழுதுவோர் அதன் பெயரைக் கொமிட்டோடு பதிந்துவைக்க ஏற்பாடு உண்டு. லினக்ஸின் ஐகொன்வ் கருவிக்கு டிஸ்கியும் தெரியும் என்பதால், டிஸ்கியில் எழுதிய செய்தியைக்கூட இம்முறையில் வாசிக்க இயலும்; இன்று அதற்கு அவசியம் யாருக்கும் இருக்கும் என்று தோன்றவில்லை.

கிட்டில் தமிழ்ப் பெயரோடு வேலை தொடங்குபவர் முதல் நாளிலேயே காணும் அதிர்ச்சி வேறு. கோப்புகளின் நிலையைக் கிட்டிடம் கேட்டால், யாழ்ப்பாணம் என்று தொடங்க வேண்டிய இடத்தில், மேற்கோள் குறிக்குள் \340\256\257\340\256\276 என்று எண்கள் அணிவகுக்கும். உடனே மொழிச்சூழலில் பிழை என்று எண்ணி, அதைத் திருத்துவதில் ஒரு மத்தியானத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும்; அவர்களில் நானும் ஒருவன். இது மொழிச்சூழலோடு சம்பந்தப்பட்டதே அன்று. 128க்கு மேற்பட்ட பைட்டுகளை எண்ம எண்களாகக் காட்டுவது கிட்டின் இயல்புநிலை, கோர்.குவோட்பாத் என்ற அமைப்பை இல்லை என்று மாற்றினால் தமிழ் தமிழாகத் தெரியும். பதிவில் எதுவும் மாறுவதில்லை. சப்வேர்ஷனின் பழைய பதிப்புகளும், மாற்ற முடியாத பைட்டுகளைக் கேள்விக்குறியோடு சேர்த்து எண்ணாகக் காட்டும். ஆனால் அது தசம எண். அதே ‘ய’ அங்கே 224, 174, 175 என்று வரும். ஒரே பைட்டுக்குக் கிட் 340 என்றும் சப்வேர்ஷன் 224 என்றும் பெயர் சொல்வது தெரியாமல், இரண்டும் வெவ்வேறு குறியாக்கங்கள் என்று முடிவுகட்டிவிடுவது எளிது.

குவோட்பாத்தை அணைத்த பிறகும் தமிழ் வராவிட்டால், கிட்டின் வெளியீட்டை நமக்குப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் என்னும் நிரலைப் பார்க்க வேண்டும். சி சூழலில் அது பைட்டுகளைக் கோண அடைப்புக்குள் பதினறும எண்களாகக் காட்டும். அதையும் தாண்டி வந்துவிட்டால் கடைசித் தடை முனையம். பல முனையங்கள் எழுத்துகளைச் சதுரக் கட்டங்களில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குபவை. ஒற்றைக்கொம்பை மெய்க்கு முன்னால் நகர்த்த வேண்டும் என்ற அறிவு எல்லாவற்றுக்கும் இல்லை. கொடிகாமம் என்ற பெயர் கொம்பு இடம்மாறித் தெரிந்தால், குறியாக்கம் சரியாகவே இருக்கிறது, உருவமைப்பு மட்டுமே இல்லை என்று கொள்ளலாம். அதே வரியை வேறொரு செயலியில் ஒட்டிப் பார்த்தால் ஐயம் தீரும்.

கேள்விக்குறிகளே வரிசையாகத் தெரியும்போதுதான் உண்மையாகக் கவலைப்பட வேண்டும், அப்போதும் உடனே அல்ல. கோப்புகளைப் பட்டியலிடும் பழைய எல்எஸ் கட்டளை, காட்டத் தெரியாத பைட்டுக்குப் பதிலாகக் கேள்விக்குறியை அச்சிடும். அது பார்வைப் பிழை. விண்டோஸின் கதை வேறு. யுனிகோட் அறியாத நிரல்கள் எழுத்துகளுக்கு இயல்பாகப் பயன்படுத்தும் எட்டு பிட் அட்டவணை, அதாவது குறிப்பக்கம், தமிழுக்கென்று அங்கே ஒருபோதும் அமையவில்லை. தமிழ் அங்கே யுனிகோடிலேயே பிறந்தது. ஆகையால், யுனிகோட் அறியாத பழைய நிரல் ஒன்றின் வழியே தமிழ் உரை கடந்து சென்றால், எழுத்து ஒவ்வொன்றும் உண்மையான கேள்விக்குறியாகவே மாறி எழுதப்படும். அதிலிருந்து மூலத்தை மீட்க வழியே இல்லை. இரண்டையும் வேறுபடுத்த, பெயரை ஓடி என்ற சிறு கட்டளைக்குள் செலுத்தி, பைட்டுகளை எண்ம வடிவில் பார்த்தால் போதும். 340, 256 என்று வந்தால் தமிழ் பத்திரமாக இருக்கிறது. 077 என்று வந்தால் அது உண்மையான கேள்விக்குறி. கையிலுள்ள கடதாசிப் பிரதியைத் தேட வேண்டியதுதான்.

எங்கள் இரண்டு கோப்பாய்களையும் அவ்வாறே ஓடியின் வழியாகப் பார்த்தோம். இரண்டும் சுத்தமான யுடிஎஃப்-8. ஒன்றின் நீளம் 24 பைட்டுகள், மற்றதன் நீளம் 27. வேறுபாடு முதல் எழுத்திலேயே இருந்தது. முதலாவதில் ‘க’வை அடுத்து 340 257 213 என்ற ஒரே குறி, அது ஓகார உயிர்க்குறி. இரண்டாவதில் ‘க’வை அடுத்து 340 257 207, 340 256 276 என்று இரண்டு குறிகள், அதாவது ஏகாரக் கொம்பு ஒன்றும் அரவு ஒன்றும் தனித்தனியாக. ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகியவற்றின் உயிர்க்குறிகளை ஒரே குறியாகவும் எழுதலாம், இரு துண்டுகளாகவும் எழுதலாம் என்று யுனிகோட் அனுமதிக்கிறது. இரண்டும் சமம் என்றும் அது அறிவிக்கிறது. அந்தச் சமத்துவம் யுனிகோடை அறிந்த நிரலுக்கு மட்டுமே புரியும். பைட்டை மட்டும் பார்க்கும் கேர்னலுக்கும் கிட்டுக்கும் அவை இரண்டு ஊர்கள். யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயர்களில் கொக்குவில், கோண்டாவில், கொடிகாமம், தொண்டைமானாறு, புலோலி என்று இந்த உயிர்க்குறிகள் நிறைந்து கிடப்பதால், இந்த வலையில் நாம் விழும் வாய்ப்பு சாதாரணமானது அன்று.

முதலில் நாங்கள் சந்தேகித்தது ரொறன்ரோவிலிருந்து பங்களிக்கும் நண்பரின் பழைய மக் கணினியை. அதற்குக் காரணமும் இருந்தது. அப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, கொடுக்கப்பட்ட பெயரைத் துண்டுகளாகப் பிரித்தே சேமிக்கும். ஒரே குறியாகக் கொடுத்த ‘கோ’வைக் கேட்டால் இரண்டாக்கித் தரும். இதற்காகவே கிட் 1.7.12 பதிப்பில், 2012இல், மக் கணினியில் வட்டிலிருந்து வாசித்த பெயரைச் சேர்ந்த வடிவுக்குத் திருப்பிய பின்னரே களஞ்சியத்துக்குள் விடும் அமைப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. பின்னர் வந்த ஏபிஎஃப்எஸ் பெயரைக் கொடுத்தபடியே வைத்திருக்கிறது; ஆனால் ஒப்பிடும்போது இரு வடிவங்களையும் ஒன்றாகவே கருதுகிறது. விளைவு என்னவென்றால், லினக்ஸில் அருகருகே இருக்கும் இரண்டு கோப்பாய்களும் மக் கணினியில் ஒரே அடைவுக்குள் விழும். இரண்டிலும் ஒரே பெயருள்ள விவரக் கோப்பு இருந்தால் ஒன்றின் மேல் மற்றது எழுதப்படும். அதன் பிறகு, தான் தொடாத கோப்பு மாறிவிட்டதாகக் கிட் விடாமல் சொல்லிக்கொண்டேயிருக்கும். நண்பர் பல நாட்களாக அதைத்தான் முறையிட்டுக்கொண்டிருந்தார். தவறு செய்தவர் அவர் அல்லர்; தவற்றின் பலனை அனுபவித்தவர்.

அடைவு எந்தக் கொமிட்டில் நுழைந்தது என்று தேடியபோது கைகாட்டியது எங்களையே. பல ஆண்டுகளுக்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டிருந்த ஊர்ப் பட்டியல் ஒன்றை யுனிகோடுக்கு மாற்றி, அதிலிருந்து அடைவுகளை ஒரு நிரலால் உருவாக்கியிருந்தோம். மாற்றித் தந்த கருவி, ஏகாரக் கொம்பையும் அரவையும் ஒன்றாக்க வேண்டும் என்று அறியாமல், மெய்க்குப் பின்னால் இரண்டையும் அப்படியே அடுக்கி வைத்திருந்தது.

பாமினியைப் பற்றிச் சற்றே நின்று சொல்ல வேண்டும். இலங்கையின் தமிழ்க் குறியீட்டுக்கான எஸ்எல்எஸ் 1326 என்ற நியமம் 2008இலேயே வந்துவிட்டாலும், அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் சேர்ந்த பழைய கோப்புகளில் பெரும்பகுதி பாமினிதான். அது குறியாக்கமே அன்று. ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் உருவங்களை அமர்த்திய எழுத்துரு. தமிழ் என்ற சொல் பாமினிக் கோப்பில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் அவற்றை அடுத்த அரைப்புள்ளியும் ஆகும். இதுவரை சொன்ன எந்தக் கருவியும் இதைப் பார்த்துக் குறைகூறாது. சி சூழலும் ஏற்கும், சப்வேர்ஷனும் ஏற்கும், கிட்டும் ஏற்கும். ஏனெனில் எல்லாம் 128க்குட்பட்ட பைட்டுகள். கருவிகள் அமைதியாக இருப்பதை ஆரோக்கியம் என்று எண்ணிவிடக் கூடாது. பாமினியில் புள்ளி என்பது அரைப்புள்ளி. நாம் தட்டச்சிடும் கட்டளைகளை ஏற்கும் லினக்ஸ் ஷெல்லில் அரைப்புள்ளி என்பது ஒரு கட்டளையின் முடிவு. பாமினி எழுத்துகளாலேயே பெயரிட்ட கோப்பு ஒன்றைக் கட்டளை வரியில் மேற்கோளின்றித் தட்டச்சிட்டால், முதல் மெய்யெழுத்தோடு கட்டளை முடிந்து, மிச்சம் வேறொரு கட்டளையாக ஓட முயலும். புள்ளியில் முடியும் சொற்கள் தமிழில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் நிலைமை விளங்கும்.

மேலும், பாமினி உருவத்தின் வரிசையில் எழுதுவது: கொம்பு முதலில், மெய் பின்னர். ஔகாரத்துக்கு அது ளகரத்தின் உருவையே பயன்படுத்துவதால், மாற்றும் கருவி அது உயிர்க்குறியின் பாதியா, தனி ளகரமா என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. பௌர்ணமியும் கௌரியும் இணையமெங்கும் ளகரத்தோடு அலைவதற்கு இது ஒரு முக்கிய காரணம். இங்கே யுனிகோடின் சமத்துவ விதி கைகொடுக்காது, ஏனெனில் ளகரம் என்பது முற்றிலும் வேறொரு குறி. ஸ்ரீயும் இதைப் போன்றதே: அதன் முதற்குறியாக ஸகரத்தையும் இடலாம், 2005இல் யுனிகோட் 4.1இல் சேர்ந்த ஶகரத்தையும் இடலாம். பல எழுத்துருக்களில் உருவம் ஒன்றே, பைட்டுகள் வேறு, சமம் என்ற விதியும் இல்லை. இவற்றுக்கு மனிதர் வகுக்கும் பெயரிடும் ஒழுங்கைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

குறியாக்கம் முழுதும் சரியாக இருந்தும் முரண்படும் இடம் ஒன்று உண்டு; அது நீளம். 255 பைட்டு என்றால் தமிழில் 85 குறிகள். ஆங்கிலத்தில் தாராளமான அந்த எல்லை, “அமரர்” என்று தொடங்கி ஊர், தொழில், பட்டங்கள் அனைத்தையும் சுமந்து “நினைவு மலர்” என்று முடியும் தலைப்பைக் கோப்புப் பெயராக்கினால் எளிதில் மீறப்படும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 என்பதைப் பைட்டில் அளப்பதில்லை. யுடிஎஃப்-16 அலகில் அளக்கிறது, அதில் தமிழ்க் குறி ஒன்று ஓர் அலகு மட்டுமே. ஆகவே 120 குறிகள் கொண்ட பெயரை விண்டோஸில் இருந்தவர் தடையின்றிக் கொமிட் செய்யலாம். லினக்ஸில் அதை எடுப்பவருக்குப் பெயர் மிக நீளம் என்ற பிழைச் செய்தி வரும், கோப்பு வராது.

கோப்பின் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை சொல்ல வேண்டியது குறைவு. 2019க்கு முந்திய விண்டோஸ் நோட்பாட்டில் தமிழைச் சேமிக்க முற்பட்டால், எழுத்துகள் இழக்கப்படும் என்ற எச்சரிக்கை வரும். பலர் அங்கே யுனிகோட் என்று பெயரிட்டிருந்த தெரிவைத் தேர்ந்தார்கள். அது யுடிஎஃப்-16. தமிழ்க் குறிகளில் சுழியப் பைட்டு இராது என்றாலும், இடைவெளியிலும் வரிமுறிவிலும் இருக்கும். கோப்பின் தொடக்கப் பகுதியில் சுழியம் ஒன்றைக் கண்டாலே கிட் அதை உரை அல்லாத இருமக் கோப்பு என்று ஒதுக்கிவிடும், வேறுபாடு காட்டாது. 2018இல் வந்த கிட் 2.18 பதிப்பு, அத்தகைய கோப்புகளை உள்ளே யுடிஎஃப்-8 ஆகவும் வெளியே யுடிஎஃப்-16 ஆகவும் பேணும் பண்புக்குறி ஒன்றைத் தந்தது. ஆனாலும் ஒரே தடவையில் அனைத்தையும் யுடிஎஃப்-8க்கு மாற்றிவிடுவதையே நான் விரும்புவேன்.

திருத்தும் வேலைக்கு வருவோம். லினக்ஸில் கொன்வ்எம்வி என்ற கருவி, கோப்புப் பெயர்களை ஒரு குறியாக்கத்திலிருந்து மற்றொன்றுக்கோ, பிரிந்த வடிவிலிருந்து சேர்ந்த வடிவுக்கோ மாற்றும். அதன் நல்ல குணம், நாம் வெளிப்படையாகச் சொல்லும் வரை எதையும் மாற்றாமல், மாற்றினால் என்ன ஆகும் என்பதை மட்டும் காட்டுவது. எங்கள் விடயத்தில் இரண்டு கோப்பாய்க்குள்ளும் வெவ்வேறு கல்வெட்டுகளின் விவரங்கள் இருந்தன. அன்று ஒன்றை அழித்திருந்தால் பாதி ஊர் போயிருக்கும். முதலில் உள்ளடக்கத்தைக் கையால் ஓர் அடைவுக்குள் சேர்த்தோம். பின்னர் மற்றப் பெயர்களைக் கருவியால் மாற்றி, அந்த மாற்றத்தை மட்டும் கொண்ட தனிக் கொமிட்டாகப் பதிந்தோம். உள்ளடக்கம் மாறாததால் கிட் அதைப் பெயர்மாற்றம் என்றே இனங்கண்டது.

ஆனால் பழைய பெயர் அவ்வளவு எளிதில் போகவில்லை. பங்களிப்பாளர் ஒருவரின் கணினியில், கிட்டுக்குள் சேர்க்கப்படாத சில ஸ்கான் படங்கள் பழைய அடைவுக்குள் இருந்தன. புதிய கொமிட்டை இழுத்தபோது கிட் அந்த அடைவை விட்டுவைத்தது. அவர் மறுவாரம் அவற்றையும் சேர்த்து அனுப்ப, கோப்பாய் மறுபடி இரண்டாயிற்று. அதன் பிறகே சேர்வரில் ஹூக் ஒன்றை வைத்தோம். வரும் கொமிட்டிலுள்ள பெயர்களைச் சுழியத்தால் பிரித்த வடிவில் அது கேட்டு வாங்கி (அப்படிக் கேட்டால் கிட் எண்ம வேடம் போடாது), பைதன் நிரல்மொழியின் யுனிகோட்டேட்டா நூலகத்தால் சேர்ந்த வடிவுக்கு மாற்றிப் பார்த்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பைட்டுகள் ஒன்றாக இல்லாவிட்டால் கொமிட்டை மறுத்துவிடும். 255 பைட்டு எல்லையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பங்களிப்பாளரின் கணினியில் வைக்காமல் சேர்வரில் வைத்ததற்குக் காரணம், களஞ்சியத்தைப் பிரதியெடுக்கும்போது ஹூக்குகள் கூடவே போவதில்லை என்பதே. முதல் நாள் அந்த நிரலே தமிழ்ப் பெயரைக் கண்டு தடுக்கி விழுந்தது. சேர்வர் அதைச் சி சூழலில் ஓட்டியிருந்தது. நிரலின் தலையில் மொழிச்சூழலை வெளிப்படையாக எழுதிய பிறகு சரியாயிற்று. சப்வேர்ஷனில் இருப்போருக்கும் இதே அறிவுரை பொருந்தும், அங்கே 1.9 பதிப்பு முதல், களஞ்சியச் சரிபார்ப்பின்போது இத்தகைய இரட்டைப் பெயர்களைத் தேடும் தெரிவும் உண்டு.

வரலாற்றை மாற்றி எழுதும் யோசனையைக் கைவிட்டோம். பழைய கொமிட் ஒன்றில் பெயர் மாறினால் அதன் அடையாள எண்ணும், அதற்குப் பின் வந்த அனைத்தின் எண்களும் மாறும்; யாழ்ப்பாணத்திலும் வெளிநாட்டிலும் இருக்கும் ஒவ்வொருவரும் களஞ்சியத்தைப் புதிதாகப் பிரதியெடுக்க வேண்டும். ஆகவே இரண்டாவது கோப்பாய் பழைய கொமிட்டுகளில் இன்றும் இருக்கிறது. விசைப்பலகையில் அந்த ஊரின் பெயரைத் தட்டச்சிட்டுத் தேடினால் அது அகப்படாது. விசைப்பலகை தருவது சேர்ந்த வடிவை. தேட வேண்டியவர் ஷெல்லில் எண்ம எண்களாகவே கொடுக்க வேண்டும் என்பதால், களஞ்சியத்தின் வாசிப்புக் குறிப்பில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறோம்: பழைய கோப்பாய், 27 பைட்டு, தொடக்கம் 340 256 225, 340 257 207, 340 256 276.